கண்ணாடி வாத்துக்காரி

ஒகலீனா மதினிக்கு ஊரில் அந்தப் பெயர் வந்தது வயர்லெஸ் பெட்டி வழியாகத்தான். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அந்தப் பெட்டி உண்டு. யார் வீட்டில் நீராவிக் குளியலுக்கு அறை சூடாகியிருக்கிறது, யார் படகு இன்னும் திரும்பவில்லை, யாருக்குத் தேயிலை தீர்ந்துவிட்டது, எல்லாம் அதில்தான் ஓடும். வாத்துகளுக்காக அவள் வீடு வீடாகப் போக ஆரம்பித்த முதல் குளிர்காலத்தில், ஒரு வீட்டை விட்டு அவள் இறங்கியதுமே யாராவது பெட்டியை எடுத்து "க்வாக், க்வாக்" என்பார்கள்.

"கண்ணாடி வாத்துக்காரி கிளம்பிட்டா. டீயை ஒளிச்சு வையுங்க."

அவளும் சும்மா இருக்கமாட்டாள். அடுத்த வீட்டில் நுழைந்ததும் அவர்கள் பெட்டியையே வாங்கி, "ஒளிச்சு வச்ச டீயக் கண்டுபிடிச்சாச்சு. ஆறிப்போய்க் கெடக்கு. அடுத்த வீட்டுல சூடாப் போட்டு வையுங்க" என்பாள். ஊரே சிரிக்கும். சிரிப்பெல்லாம் அந்த ஒரு குளிர்காலத்தோடு சரி.

ஒகலீனா என் அத்தை மகள், எனக்கு மூத்தவள். உலகத்தின் வடகோடியில் யூக்கான் ஆறு கடலில் கலக்கிற சதுப்புவெளியில், புயல் அடித்தால் கடல் வீட்டுப்படி வரை வருகிற ஊர் எங்களுடையது. அவள் புருஷன் சால்மன் பிடிக்கப் போய்ப் படகோடு போய்விட்டான். பிள்ளை இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தடித்த உடம்பு, அறையை நிறைக்கிற சிரிப்பு. நான் ஊர் மருந்தகத்தில் உதவியாள். கட்டுப் போடுவது, ஊசி போடுவது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்களுக்கு விமானம் வரவழைப்பது என் வேலை. எங்கள் பக்கத்தில் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் ஒருவரை ஒருவர் கேலி பண்ணாமல் இருந்தால்தான் தப்பு. அவளும் நானும் அந்த முறையில் ஒரு குறையும் வைத்ததில்லை.

வேட்டைக்கு ஆள் இல்லாத வீடு என்பதற்காக எங்கள் ஊரில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. மதினிக்கு அண்ணன் இருந்தார், நிகிபோர். எனக்கு அத்தான். அதிகம் பேசமாட்டார். பறவை வேட்டையில் அவருக்கு இணை கிடையாது, ஆனால் அதை அவர் எதிரில் யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். குளிர்காலம் பூராவும் காய்ந்த மீனும் கடல்நாய் எண்ணெயும் தின்று சலித்த வாய்க்கு வசந்தத்தில் வருகிற முதல் பறவைச் சாறு எப்படியிருக்கும் என்று எங்களைத்தான் கேட்க வேண்டும். அந்த முதல் பறவையை அத்தான் தன் வீட்டு அடுப்பில் ஏற்றமாட்டார். அது தங்கை வீட்டுக்குப் போகும்.

வாத்துகளில் ஒன்று உண்டு, நாங்கள் கௌகெக் என்போம். சேவலுக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம், அதற்குக் கறுப்பில் ஓரம், மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி. கடல் வாத்து. குளிர்காலத்தை நடுக்கடலில் பனிப்பாளங்களின் இடுக்கில் கழித்துவிட்டு, முட்டையிட மட்டும் எங்கள் குட்டைகளுக்கு வரும். என் சின்ன வயதில் அது இல்லாத குட்டை இல்லை. பிறகு குறைந்தது. ஏன் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பறவைக்குக் காது உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசினாலோ அதை வைத்துச் சண்டை போட்டாலோ மனம் நொந்து வராமல் போய்விடும் என்பது எங்கள் எண்ணம்.

ஒரு ஜூன் மாதம் மதினியும் நானும் முட்டை பொறுக்கப் போனோம். அவர்கள் குடும்பம் வசந்தத்தில் கூடாரம் போடுகிற இடத்துப் பக்கத்தில் ஒரு குட்டை. கரையில் புல்லுக்குள் கௌகெக் பெட்டை ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கிட்டே போனோம், எழவில்லை. இன்னும் கிட்டே போனோம். கழுத்தை மட்டும் ஆட்டியது.

"செத்துருச்சா?" என்றேன்.

"மூச்சு இருக்கு. ரெக்கையப் பாரு, கூரை மாதிரித் தொங்குது."

மதினி குனிந்து அதைத் தூக்கினாள். முகம் மாறியது. "கனமே இல்லையே புள்ள. தொப்பியத் தூக்குன மாதிரி இருக்கு. நெஞ்செலும்பு கத்தியாக் குத்துது."

மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அது தலையைச் சாய்த்துவிட்டது. அவள் இடுப்புக் கத்தியை எடுத்து அங்கேயே அறுத்துப் பார்த்தாள். இரையை அரைக்க வாத்து கல்லும் மணலும் முழுங்கி வைக்கிற இரைப்பைக்குள், மணலோடு மணலாக ஈய ரவை, தேய்ந்து பளபளத்துக்கொண்டிருந்தது.

"யாரோ சுட்டது உள்ள போயிருக்கும்" என்றேன்.

"சுட்டிருந்தா தோல்ல ஓட்டை எங்க? இது தின்னுருக்கு. கல்லுன்னு நெனச்சுத் தின்னுருக்கு."

பறவைத் துறைக்காரர்கள் ரேடியோவில் பல வருஷமாகச் சொல்லிவந்த விஷயம்தான். துப்பாக்கியிலிருந்து சிதறுகிற ஈய ரவை குட்டையில் விழுகிறது. அடியில் மண் உறைந்து கிடப்பதால் அது கீழே இறங்காமல் சேற்றோடு மேலாகவே தங்கிவிடுகிறது. வாத்து அதைப் பொறுக்கித் தின்று விஷம் ஏறிச் சாகிறது. நாங்கள் அதைக் கேட்டு, மீனுக்குத் தண்ணீர் ஆகாது என்கிற மாதிரி இருக்கிறதே என்று சிரித்திருக்கிறோம். அன்று மதினி சிரிக்கவில்லை. கூட்டிலிருந்த மெல்லிறகை இழுத்து முட்டைகளை மூடினாள். அந்தக் கூட்டிலிருந்து ஒன்றும் எடுக்காமல் திரும்பினோம்.

அந்த வருஷம் ஆற்றில் பனி கெட்டியான பிறகு, பறவைத் துறையிலிருந்து ரஸ்ஸல் என்கிற வெள்ளைக்காரன் வந்தான். பள்ளிக்கூட விளையாட்டு அறையில் கூட்டம் கூட்டி, செத்த வாத்துகளின் படங்களைக் காட்டினான். நல்ல மனுஷன்தான். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுக்கத்தான் அவனுக்குத் தெரியாது. கண்ணாடி வாத்து அழிந்துகொண்டிருக்கிறது, இனி அதைச் சுடக்கூடாது, அதன் முட்டையை எடுக்கக்கூடாது, எந்தப் பறவைக்கும் ஈய ரவை கூடாது, இரும்பு ரவைதான், இது சட்டம் என்றான். பிறகு எல்லாரையும் பார்த்தான். எல்லாரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.

கிழவர் மோசஸ்தான் கடைசியில் வாய் திறந்தார். "நாங்க அதுங்களைப் பத்தி இவ்வளவு சத்தமாப் பேசறதில்லப்பா. கேட்டுட்டு இருக்கும்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "கடல்ல கப்பல் விட்டு எண்ணெய் ஊத்துறவனுக்கும் இந்தப் படத்தைக் காட்டினியா, இல்ல எங்களுக்கு மட்டும்தானா?"

ரஸ்ஸல் தலையாட்டினான். புரிந்ததா என்று தெரியவில்லை. வீடு வீடாகப் போய் எங்கள் மொழியில் விதிகளைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், ஈயத் தோட்டாவை வாங்கிக்கொண்டு இரும்புத் தோட்டா கொடுக்க வேண்டும், யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டான். பின்பக்கம் பிஸ்கட் தட்டோடு நின்ற ஒகலீனா மதினி, "நான் போறேன்" என்றாள். கேலி என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "கிறுக்கா மதினி உனக்கு? ஊர்ல ஒருத்தன் உன் மூஞ்சியில முழிப்பானா?"

"அந்தப் பெட்டை என் மடியில செத்துச்சு மாத்ரோனா. உள்ள இருந்தது எங்கப்பா போட்ட ரவையா, எங்கண்ணன் போட்டதா, யாரு கண்டா? ரவையில பேரா எழுதியிருக்கு?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பொம்பளைகள் முதலில் கேட்டார்கள். சாறு குடிக்கும்போது ரவை கடிபட்டுப் பல் போன கதை எல்லா வீட்டிலும் உண்டு. "இந்த எழவு வயித்துக்குள்ளயும் போகுதா?" என்று கேட்டு, புருஷனுக்குத் தெரியாமல் பரணில் இருந்த ஈயத் தோட்டாவை எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. ஆண்கள் க்வாக் என்றார்கள், டீ கொடுத்தார்கள், சிலர் மாற்றிக்கொண்டார்கள்.

மாறாதவர் நிகிபோர் அத்தான். தங்கை வந்தால் உட்காரச் சொல்வார், மீன் எடுத்து வைப்பார். தோட்டா பேச்சு எடுத்ததும் வலையைத் தைக்க ஆரம்பித்துவிடுவார்.

மே மாதம் வாத்துக் கூட்டங்கள் வந்தன. நான் மதினி வீட்டில் இருந்தேன். அத்தானின் மனைவி பராஸ்கா வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த வருஷத்து முதல் பறவை, கொழுத்த வாத்து.

"என்ன ரவை அண்ணி?" என்றாள் மதினி.

பராஸ்கா விளங்காமல் பார்த்தாள். "பறவை கொண்டாந்தா வாங்கி உள்ள வைக்கற பழக்கம்தான் எனக்குத் தெரியும்."

"என்ன ரவைன்னு கேட்டேன்."

"ஈயம்தான். எப்பவும் போல."

"அப்ப வேணாம்."

வாசலுக்கு வந்த பறவையை எங்களில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அது கொண்டுவந்தவனை அறைவதற்குச் சமம், பறவையை இனி வராதே என்பதற்கும் சமம். பராஸ்கா பறவையோடு திரும்பிப் போனாள். மதினி கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே சாய்ந்து நின்றாள்.

மறுநாள் அத்தான் வந்தார். டீயை ஊற்றிக் குடித்து முடித்தார்.

"பறவையைத் திருப்பி அனுப்பிட்டியாமே."

"ம்."

"அப்பா இருந்தா என்ன சொல்லுவாரு?"

"அப்பா அந்தக் குட்டையப் பாக்கல அண்ணே. நான் பாத்தேன்."

பிறகு சொன்னாள். பெட்டை எழாமல் கிடந்தது, கனமில்லாதிருந்தது, இரைப்பையில் இருந்தது எல்லாம். அத்தான் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்பு ரவை லேசும்மா" என்றார். "பட்டும் சாகாமப் பறந்துரும். எங்கயோ போய் விழுந்து துடிச்சுச் சாகும். அது பாவமில்லையா?"

"கிட்ட வரவிட்டுச் சுடு. உன்னால முடியாததா?"

"புகழாத. பறவைக்குக் கேக்கும்." அவர் லேசாகச் சிரித்தார். பிறகு எழுந்து, "சரி, குடு உன் இரும்பை" என்றார்.

அவருடைய துப்பாக்கி அவர் அப்பாவினுடையது. பழசு, குழல் மெல்லியது. பழைய துப்பாக்கிக்கு இரும்பு ரவை ஒத்துக்கொள்ளாது என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். ரஸ்ஸலிடம் மதினி கேட்டபோது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றான். பெரும்பாலும் என்ற சொல்லை அவள் அண்ணனிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

அந்த வாரமே ஒரு காலையில் வயர்லெஸ்ஸில் என்னைக் கூப்பிட்டார்கள். மருந்தகத்துக்கு ஓடினேன். பனிவண்டிச் சறுக்கில் அத்தானைக் கிடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். குழல் வெடித்திருந்தது. இடது கையில் கடைசி இரண்டு விரல் இல்லை. வலது கண் இருந்த இடத்தை நான் சொல்ல விரும்பவில்லை. விமானம் வருவதற்கு மூடுபனி வழிவிடவில்லை. அன்று முழுக்க நான் அவர் பக்கத்தில் இருந்தேன். வலி மருந்து வேலை செய்யாதபோதும் அவர் முனகவில்லை. ஒரு தடவை மட்டும், "பறவை விழுந்துச்சா?" என்று கேட்டார். வேட்டைக்குக் கூடப் போயிருந்தவன் "விழுந்துச்சு" என்றான். அது பொய்.

மதினி மருந்தக வாசலில் நின்றாள். பராஸ்கா உள்ளேயிருந்து வந்து, அவளைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள். ஓசை வராமல்தான் சாத்தினாள்.

இரும்பு ரவையால் வெடித்ததா, குழலுக்குள் ஈரப்பனி அடைத்திருந்ததா என்பது கடைசிவரை தெரியவில்லை. வசந்தத்தில் படுத்துத் தவழ்ந்து போகிறவன் துப்பாக்கியில் பனி அடைப்பது சகஜம்தான். ரஸ்ஸல் அந்தத் துப்பாக்கியைக் கேட்டு அனுப்பினான், பரிசோதித்துச் சொல்வதாக. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அத்தான் அதை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்ப் பனியில் இருந்த துவாரம் வழியாக உள்ளே விட்டுவிட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று பராஸ்காவுக்கே தெரியாது.

ஊரில் யாரும் மதினியைத் திட்டவில்லை. எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வயர்லெஸ்ஸில் க்வாக் நின்றது. கோவிலில் அவள் நிற்கிற இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் தரை காலியாக இருந்தது. ஒரு காலையில் அவள் கதவைத் திறந்தபோது வாசல் அறையில் இரும்புத் தோட்டாப் பெட்டிகள் குவிந்திருந்தன. அவள் கொடுத்தவை எல்லாம், வீடு வீடாக வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே இருந்தது பராஸ்கா வைத்தது.

நான் போனேன். "விட்டுடு மதினி. போதும்."

பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "விட்டா அவன் கண்ணு வந்துருமா?"

"வராது. ஆனா ஊரு வரும்."

"ஊரு வரும். அந்தக் குட்டையில ரவை அப்படியேதான் கெடக்கும்."

அவள் விடவில்லை. மறுவருஷமும் வீடு வீடாகப் போனாள். கதவைத் திறந்தார்கள், உட்காரச் சொன்னார்கள், அவள் பேசி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீயைக் கேட்டால்தான் கொடுத்தார்கள். அவளுடைய அந்தச் சிரிப்புப் போயே போய்விட்டது. பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற ஓசை மட்டும் கேட்கும்.

அத்தான் மறுபடி வேட்டைக்குப் போனார். வேறொரு துப்பாக்கியை இரவல் வாங்கி, இடது தோளில் வைத்துச் சுடப் பழகினார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. மேலே போகிற கூட்டத்தில் ஒன்றையும் அவரால் இறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுத்தார்கள், பராஸ்கா வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவர் எழுந்து பின்பக்கம் போய்விடுவார்.

நாலைந்து வசந்தம் கழித்து, ரஸ்ஸலோடு ஒரு சட்ட அதிகாரி வந்தான். ஊருக்குள் நடந்து போனபோது பராஸ்கா வீட்டு நாய் ஒன்று எதையோ வாயில் வைத்து உலுக்கிக்கொண்டிருந்தது. அதிகாரி குனிந்து பார்த்தான். பச்சைத் தலை, வெள்ளை வட்டம், கறுப்பு ஓரம்.

அத்தானுக்கு ரத்த அழுத்தம் பார்க்க நான் அந்த நேரம் அவர்கள் வீட்டில் இருந்தேன். அதிகாரியும் ரஸ்ஸலும் நுழைந்தார்கள். அத்தானுக்கு ஆங்கிலம் சரியாக வராது. எனக்கும் நோய் மருந்து பற்றிய ஆங்கிலம்தான் வரும். மொழிபெயர்க்க மதினியைக் கூட்டிவந்தார்கள். குழல் வெடித்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்தாள். உள்ளே வந்தவள் கதவை ஒட்டியே நின்றாள்.

"நீ சுட்டியான்னு கேக்கறாங்க அண்ணே."

அத்தான் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"என் ஒத்தக் கண்ணுக்கு எது தெரியுதோ அதத்தான் சுட முடியும். மேல பறக்கறது தெரியல. கூட்டுகிட்ட குந்திக்கிட்டு இருக்கறது தெரியுது. அது மனுஷனப் பாத்து ஓடாது. நல்ல பறவை. போன வருஷமும் சுட்டேன், இந்த வருஷமும் சுட்டேன். ஈயத்துலதான் சுட்டேன். இரும்பத் தொட எனக்குப் பயமா இருக்கு." நிறுத்தினார். "நீ என்ன சொல்லணுமோ சொல்லு தங்கச்சி."

பராஸ்கா பாய்ந்தாள். "நாய் தூக்கிட்டு வந்துச்சுன்னு சொல்லுடி. செத்துக் கெடந்துச்சுன்னு சொல்லு. இவனுங்களுக்கு என்ன தெரியும்? உன் அண்ணன்டி!"

மதினி அண்ணனைப் பார்த்தாள், அவர் நிமிரவில்லை. அவள் அதிகாரி பக்கம் திரும்பி, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். ஒற்றைக் கண்ணை, நல்ல பறவை என்றதை, பயமாக இருக்கிறது என்றதைக்கூட. பராஸ்கா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதிகாரியும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். ஆனாலும் சட்டம் சட்டம்தான். துப்பாக்கியையும் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டான். பறவை வேட்டைக்கு அவர் இனிப் போகக்கூடாது என்று சொல்லச் சொன்னான். அதையும் மதினி சொன்னாள்.

வெளியே வந்தபோது ரஸ்ஸல் அவளிடம், "நீங்கள் சரியானதைச் செய்தீர்கள்" என்றான். மதினி எங்கள் மொழியில், "வாய மூடிட்டுப் போடா" என்றாள். அவன் நன்றி சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனான்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "நாய்னு சொல்லியிருக்கலாமே. பறவைக்கு ஒண்ணும் குறைஞ்சிருக்காது."

"அவன் பொய் சொல்லல" என்றாள். "அவன் வாயில இருந்து வந்தத நான் எப்படிப் பொய்யாக்கறது?"

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் யாரும் எதிர்பாராதது. துப்பாக்கி ஒன்று வாங்கி, இரும்புத் தோட்டா போட்டுத் தானே வேட்டைக்குக் கிளம்பினாள். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, முட்டி வலிக்காரி. படகை நான் ஓட்டினேன். முதல் வசந்தம் பூராவும் வானத்தைத்தான் சுட்டாள். தோள் கன்றிப்போய் நான் தைலம் தேய்த்துவிட்டேன். "மதினி, அந்தப் பக்கம் பறவை, இந்தப் பக்கம் நான். நெனப்புல வச்சுக்க" என்றால்கூடச் சிரிக்கமாட்டாள். கண்ணாடி வாத்து தாழப் பறந்து வந்தால் துப்பாக்கியை மடியில் வைத்துவிட்டு அது கடந்து போகும்வரை பார்ப்பாள்.

முதல் முதலாக விழுந்த வாத்தை அண்ணன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பராஸ்கா எடுக்கவில்லை, நாய்கள் தின்றன. அடுத்ததையும் நாய்கள்தான் தின்றன. மறுவருஷம் ஒரு நாள் வாசலில் வைத்ததைக் காணவில்லை, நாய்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். சில நாள் கழித்து மருந்தகத்தில் பராஸ்கா என்னிடம் சொன்னாள்: "உன் மதினிக்குச் சுடத் தெரியலையாம். கறி பூரா ரவையா இருக்கு, பல்லு போகுதுன்னு உங்கத்தான் திட்டறாரு."

அதை நான் கொண்டுபோய்ச் சொன்னேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் அண்ணனிடமிருந்து அவளுக்கு வந்த ஒரே சேதி. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச்சளியில் படுத்தவர் எழவில்லை. நான் மதினிக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் வந்தபோது மூச்சு இருந்தது, நினைவு இல்லை. கால்மாட்டில் உட்கார்ந்துகொள்ளப் பராஸ்கா இடம் விட்டாள்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோய், அடுத்துப் பிறக்கிற குழந்தைக்கு அவர் பெயரை வைத்தால், வந்திருப்பது அவரேதான். ஆண் பெண் பேதம் அதில் கிடையாது. அந்த வசந்தத்தில் பராஸ்காவின் தம்பி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வயர்லெஸ்ஸில் "நிகிபோர் வந்துட்டாரு!" என்று கூவினார்கள். அவருடைய பழைய சிநேகிதர்கள் துணியும் மீனும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து, "ஏன்டா இவ்வளவு குட்டையாப் போயிட்ட?" என்று கேலி பண்ணிவிட்டு வந்தார்கள். மதினி தன் வீட்டில் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. குழந்தைச் சட்டை ஒன்று தைத்துவைத்திருந்தாள். அதை என்னிடம் கொடுத்து அனுப்பவும் மனம் வரவில்லை.

பனி கரைந்து ஆறு ஓட ஆரம்பித்த பிறகு பராஸ்காவே வந்தாள்.

"உங்கண்ணன் வந்து எவ்வளவு நாளாச்சு. நீ பாக்க வரலையா?"

"கூப்பிடலையே அண்ணி."

"இப்பக் கூப்பிடறேன்."

மூவரும் போனோம். குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. பராஸ்கா அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். "பாரு, ரெண்டு கண்ணோட வந்திருக்காரு."

மதினி கையை நீட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு, "அண்ணே" என்றாள். குழந்தை அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்தது. தாய் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மதினி அவளை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். நல்ல மீன் கிடைத்தால் முதலில் அவளுக்குக் கொடுத்தனுப்புகிறாள். கண்ணாடி வாத்து கொஞ்சம் கூடியிருக்கிறது என்று ரஸ்ஸலுக்குப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இப்போது வந்திருப்பவர்கள் மறுபடி குறைகிறது, கடல் சூடாகிவிட்டது, குளிர்காலத்தில் பனிப்பாளம் சரியாகக் கட்டுவதில்லை என்கிறார்கள். ஈயத் தோட்டா ஊரில் அநேகமாக இல்லை. அதை ஒழித்தது யார் என்று யாரும் பேசுவதில்லை. மதினி யார் வீட்டுக்காவது போய் உட்கார்ந்தால் டீ கொடுக்கிறார்கள். பேச்சு மட்டும் குறைந்துவிடுகிறது. அவள் குடித்து முடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு எழுந்து வருகிறாள்.